இரண்டு கோடு விழுந்த நெல்

பிலோமினாவின் ஊர்ச்சனம் கொண்டுவந்த பதினான்கு மூட்டை விதைநெல்லிலும் இரண்டு கோடு விழுந்தது. பரிசோதித்தவன் நான். எரிக்கும்படி உத்தரவில் கையெழுத்திட்டவர் கௌசலா அக்கா. அவரைப் பற்றி இப்போது பலரும் பலவிதமாகக் கதைக்கிறார்கள். அவருக்குப் பக்கத்து மேசையில் இரண்டு வருடம் இருந்தவன் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். என் பெயர் றிஸ்வி. விதை ஆய்வுகூடத்தில் வேலை.

போரின் நான்காம் வருடம் வயல்களுக்கு அந்த நோய் வந்தது. யார் விட்டார்கள் என்பது இன்றுவரை தெரியாது. இரண்டு தரப்பும் மற்றத் தரப்பைக் கைகாட்டின. நெல்லின் சாற்றை உறிஞ்சும் பச்சைத் தத்துப்பூச்சியின் வாயில் ஏறிப் போகும்படி ஒரு வைரசைச் செய்திருந்தார்கள். அது பயிரைக் கொல்லவில்லை. மகரந்தம் உண்டாக்கும் மரபணுவை மட்டும் ஓரிடத்தில் வெட்டிவிட்டுப் போனது. பயிர் பச்சைப் பசேலென்று வளரும். கதிர் தள்ளும். கதிருக்குள் மணி இராது. மணியில்லாத கதிருக்குப் பாரமில்லை, அதனால் சாயாமல் நேராக நிற்கும். சனங்கள் அதற்கு நிமிர்நோய் என்று பெயர் வைத்தார்கள். விளைந்திருக்கிறதா என்று பார்க்க வரம்பில் இறங்கவேண்டியதில்லை, வீதியில் நின்றாலே தெரிந்துவிடும்.

ஆறாம் வருடம் சமாதானம் வந்தபோது எங்கள் மாவட்டத்தில் விதைக்க நெல் இல்லை. ஒன்பது நிறுவனங்கள் லொறிகளில் விதை கொண்டுவந்தன. ஒரு நிறுவனம் குளிர்ப் பிரதேசத்து நெல்லைக் கொண்டுவந்து உவர்த்தரைக்குக் கொடுத்தது. இன்னொன்று கொடுத்ததில் பாதி முளைக்கவேயில்லை. ஓர் ஊருக்கு மூன்று லொறி போனது, பக்கத்து ஊருக்கு ஒன்றும் போகவில்லை. அந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் விதை ஒருங்கிணைப்பு நிலையத்தைத் தொடங்கி, கௌசலா அக்காவைப் பொறுப்பாக்கினார்கள். போருக்கு முன் அவர் பல்கலைக்கழகத்தில் பயிர் இனவிருத்தி படிப்பித்தவர். போர்க்காலத்தில் தன் மகளோடு முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். மகள் தப்பி, வெளியூரில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அக்கா நிலையத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையிலேயே தங்கினார்.

ஆறு மாதத்தில் அந்த மனுஷி செய்ததை நான் வேறு யாரிடமும் காணவில்லை. ஒன்பது நிறுவனங்களையும் ஒரே மேசையில் இருத்தினார். எந்த மண்ணுக்கு எந்த நெல், எத்தனை வீதம் முளைக்கவேண்டும், எவ்வளவு ஈரம் இருக்கலாம், மூட்டையில் என்ன எழுதவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே தரநிர்ணயம் எழுதினார். பதினொரு பக்கம். அதில் ஒரு பிரிவு மட்டும் மற்றவை போல இல்லை. நோயின் தடயம் ஒரு மணியில் இருந்தாலும் அந்த மூட்டை முழுவதும் எரிக்கப்படவேண்டும். ஒளித்துவைக்கும் ஊருக்கு நிவாரண அரிசி நிறுத்தப்படும்.

"மற்றதெல்லாத்திலயும் கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம் றிஸ்வி. இதில மட்டும் ஏலாது" என்றார். "ஒரு மூட்டை போதும், திரும்ப மாவட்டம் முழுக்க நிமிரும்."

பரிசோதனை மிக எளிது. விதையில் ஒரு பிடியை மாவாக அரைத்து, கரைத்து, ஒரு தாள் துண்டை அதில் நனைக்கவேண்டும். ஒரு கோடு விழுந்தால் சுத்தம். இரண்டு விழுந்தால் அந்த வைரசின் துண்டு நெல்லின் மரபணுவுக்குள் இருக்கிறது.

கொக்கட்டிவெளிக்கு நாங்கள் போனது ஐப்பசி மாதத் தொடக்கத்தில். கமக்காரர் சங்கக் கட்டடத்துக்குக் கூரை இல்லை, தறப்பாள் கட்டியிருந்தார்கள். சங்கத் தலைவி பிலோமினா ஐம்பது வயதுக்காரி. உயரமானவர், குரல் எழுப்பாமல் கதைப்பவர். மூட்டைகளைத் தானே அவிழ்த்துக் காட்டினார்.

"எங்கட நெல்லு சாயும், மிஸ்" என்றார். "சண்டைக்குள்ள ரெண்டு வருசம் ஒரு பக்கத்தாலயும் வெளியில போகேலாமல் அடைபட்டுக் கிடந்தனாங்கள். முதல் போகம் எல்லாம் நிமிர்ந்துபோச்சு. மூலை வயலில மட்டும் கொஞ்சக் கதிர் சாஞ்சு கிடந்தது. அதை மட்டும் பொறுக்கி விதைச்சம். அடுத்த போகம் கனக்கச் சாஞ்சுது. அதுக்கடுத்த போகம் எல்லாமே."

நான் தாள்களை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு.

கௌசலா அக்கா நீண்ட நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு பிலோமினாவுக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் குந்தி இருந்தார்.

"அக்கா, நெல்லுக்குள்ள நோய் ஒளிச்சிருக்கு. இப்ப ஒண்டும் செய்யாமக் கிடக்கு. நாளைக்கு வேற நெல்லோட சேர்ந்தா என்ன செய்யுமெண்டு தெரியாது."

"நோயெண்டுறியள். முளைக்குது, கதிர் வருது, தின்னுறம். நோய் எங்க?"

"அதுதான் பயம். வெளியில தெரியிறதெண்டால் நீங்களே எரிச்சிருப்பியள்."

"எரிக்காமல் பூட்டி வைக்கேலாதோ?"

"பசியோட இருக்கிற சனத்துக்கு நடுவில விதைநெல்லை எத்தனை நாளைக்குப் பூட்டி வைக்கலாம்? ஆரோ ஒராள் எடுத்து விதைப்பினம்."

பிலோமினா சிரித்தார். அது நல்ல சிரிப்பில்லை. "நாங்கள் பூட்டி வைச்சனாங்கள், மிஸ். கடைசி நாலு மாசம் சமைக்க ஒண்டுமில்லை. இலையைப் புடுங்கி அவிச்சுத் தின்டம். இந்த நெல்லு அப்பவும் இருந்தது. சங்கத்து அறைப் பூட்டின்ர திறப்பு என்ர மனிசனிட்ட. செபமாலை எண்டு பேர். சனம் வந்து கெஞ்சும், அந்தாள் குடுக்காது. பிறகு காய்ச்சல் வந்தது. உடம்பில ஒண்டுமில்லை, மூண்டு நாளில ஆள் போயிட்டுது. சாகிற நேரமும் ஒரு பிடி அவிச்சுக் கஞ்சி குடுக்கட்டோ எண்டு கேட்டனான். வேண்டாமெண்டுது."

அங்கே இருபது முப்பது பேர் நின்றார்கள். தறப்பாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

கௌசலா அக்கா சொன்னார்: "மூட்டைக்கு மூட்டை சுத்தமான விதை தாறன். அதுவும் இண்டைக்கே. லொறி வெளியில நிக்குது. என்னை நம்புங்கோ எண்டு மட்டும்தான் என்னால சொல்லேலும்."

பிலோமினா சனத்தைத் திரும்பிப் பார்த்தார். யாரும் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. "சரி" என்றார். "இவ்வளவு நாளும் எங்களுக்கு ஒருத்தரும் நிலத்தில இருந்து கதைச்சதில்லை."

மூட்டைகளை மைதானத்தில் குவித்து எரித்தோம். வறுத்த நெல்லின் வாசம் ஊர் முழுக்கப் பரவியது. பசிக்க வைக்கிற வாசம். ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும்போது வாகனத்தில் நான் சொன்னேன், "அக்கா, ஒரு விசயம். இதுவரைக்கும் ரெண்டு கோடு விழுந்த நெல்லெல்லாம் விளைஞ்ச வயலில இருந்துதான் வந்திருக்கு."

"விளையாத வயலில இருந்து என்னெண்டு நெல்லு வரும்?"

"அது சரி. ஆனால் நோய் உள்ளுக்கு இருந்தும் ஏன் விளையுது? அரைச்ச மாவில கொஞ்சத்தைத் தலைநகருக்கு அனுப்பி, மரபணு முழுக்க வாசிச்சுப் பார்க்கலாமோ?"

"எத்தனை நாள் எடுக்கும்?"

"வரிசையில போட்டால் மூண்டு மாசம். ஆரையும் பிடிச்சுக் கேட்டால் மூண்டு கிழமை."

அவர் வெளியே பார்த்தார். வானம் கறுத்திருந்தது. "மூண்டு கிழமையில மழை தொடங்கிடும். அதுக்குள்ள விதைக்காட்டி ஒரு போகம் போச்சு. எரிச்சதுக்கு அத்தாட்சி காட்டாமல் நிறுவனங்கள் அடுத்த லொறியை விடாயினம். நீ மாவை அனுப்பு, வரிசையில போடு. நாங்கள் வேலையைப் பார்ப்பம்."

நான் வற்புறுத்தவில்லை. ஆறு வருடம் ஒருவரும் ஒன்றும் முடிவெடுக்காத நாட்டில், முடிவெடுக்கிற ஒருவர் கிடைத்ததே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். முந்நூற்றுச் சொச்சம் ஊர். நாற்பத்தொரு ஊரில் இரண்டு கோடு. அறுகுவெளி என்ற ஊரில் மட்டும் விதையே இல்லை என்றார்கள். அக்கா நம்பவில்லை. இரண்டு தடவை வீடு வீடாகத் தேடச் சொன்னார், கிடைக்கவில்லை. ஒரு மாதம் அவர்களுக்கு நிவாரண அரிசி நின்றது.

மழை தவறாமல் பெய்தது. மாவட்டம் முழுவதும் ஒரே கிழமையில் விதைத்தார்கள். மார்கழியில் அந்தப் பச்சையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கௌசலா அக்காவை வரம்பில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவர் மகளுக்குத் தொலைபேசியில், "தைப் பொங்கலுக்கு வா. புது நெல்லு இருக்காது, ஆனால் கதிரைக் காட்டுவன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன் கதிர் தள்ளியது. பொங்கல் போய்ப் பத்து நாளாகியும் ஒன்றும் சாயவில்லை.

பிலோமினா ஆளனுப்பிக் கூப்பிட்டார். நாங்கள் போனபோது அவர் வயலுக்குள் நின்றார். இடுப்பளவு பயிர், கண்ணுக்கெட்டிய தூரம் நேர்நேராகக் கதிர்கள். கௌசலா அக்கா இறங்கி ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்தார். உமி மட்டும்தான் இருந்தது. இன்னொன்று. பிறகு ஓடி ஓடி வேறு வேறு இடங்களில் உருவினார். பிலோமினா அவர் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

"நான் எல்லா இடமும் பார்த்திட்டன், மிஸ். இனிப் பார்க்காதேங்கோ."

தலைநகரிலிருந்து முடிவு வந்தது அதற்கு நாலாம் நாள். நான் அதை மூன்று முறை வாசித்தேன். பிறகு அக்காவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்த வைரஸ் விதையில தங்கிறதில்லை அக்கா. பூச்சியிலயும் காட்டுப் புல்லிலயும்தான் இருக்கு. இப்பவும் இருக்கு. புதுசா வந்த நெல்லையும் அது வெட்டிட்டுது."

"அப்ப ரெண்டாவது கோடு?"

"வைரஸ் மரபணுவை வெட்டேக்க, சில பயிர் அந்த வெட்டைத் தானே ஒட்டிக்கொள்ளுது. ஒட்டுற நேரம் வைரசின்ர சின்னத் துண்டொண்டு உள்ளுக்கு அகப்பட்டுப்போகுது. அதால ஒரு கெடுதலும் இல்லை, மகரந்தம் வரும். ஆனால் வெட்டுற இடத்தின்ர உரு மாறிட்டுது. திரும்ப வைரஸ் வந்தால் எங்க வெட்டுறதெண்டு அதுக்குத் தெரியாது." முடிவுத் தாளை அவர் முன்னால் வைத்தேன். "நாங்கள் பிடிச்சது நோயை இல்லை. ஆறின புண்ணின்ர தழும்பை."

அவர் தாளை எடுத்து வாசித்தார். பிறகு கேட்டார், "சுத்தமான நெல்லெண்டால்?"

"இன்னும் அடிபடாத நெல்லு."

"மூலை வயலில கொஞ்சக் கதிர் சாஞ்சு கிடந்தது எண்டு அந்த மனுசி சொன்னவா" என்றார் கௌசலா அக்கா, மிக மெதுவாக. "பொறுக்கி விதைச்சம், அடுத்த போகம் கனக்கச் சாஞ்சுது எண்டு சொன்னவா. இனவிருத்தி எண்டால் அதுதானே றிஸ்வி. இருபது வருசம் அதைத்தானே படிப்பிச்சனான். முன்னுக்கிருந்து ஒராள் அதைச் சொல்லேக்க, நான் தாளில கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறன்."

வேறு நாட்டு விதைக் களஞ்சியங்களைக் கேட்டோம். அங்கே இருந்த எல்லா நெல்லும் சுத்தமானது, எல்லாமே அடிபடாதது. அதே தழும்பை ஆய்வுகூடத்தில் உண்டாக்கலாம் என்றார்கள், ஆனால் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். நாங்கள் எரித்த நாற்பத்தொரு ஊர் நெல்லில் எங்களிடம் மிஞ்சியிருந்தது அரைத்த மாவு. வாசிக்கலாம், விதைக்க முடியாது.

கௌசலா அக்கா ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு முன்பு எரிக்கப் போன ஊர்களுக்கே திரும்பப் புறப்பட்டார். இரண்டு கோட்டு நெல் ஒரு பிடி இருந்தாலும் தாருங்கள், தண்டனை இல்லை, நாங்கள்தான் பிழை விட்டோம் என்று ஊர் ஊராகச் சொன்னார். சனங்கள் வாசலில் நின்று கேட்டார்கள். ஒருவரும் கொண்டுவரவில்லை. ஓர் ஊரில் ஒரு கிழவர் சிரட்டையில் கொஞ்சம் நெல் கொண்டுவந்தார். அது நாங்கள் கொடுத்த நெல்லே.

பிலோமினாவிடம் அக்கா தனியாகக் கேட்டார். "அக்கா, பகிடிக்குக் கேக்கேல்லை. ஒரு பானை, ஒரு பை, எங்கயாவது ஒளிச்சு வைச்சனீங்களோ?"

பிலோமினா அவரைப் பார்த்தார். "ஒளிக்கலாமெண்டு சனம் சொன்னதுதான். நான்தான் வேண்டாமெண்டனான். நம்புங்கோ எண்டு கேட்டனீங்கள், நம்பினம்."

அதற்குப் பிறகு அக்கா சரியாகச் சாப்பிட்டதை நான் காணவில்லை.

மாசி நடுப்பகுதியில் பிலோமினாவே நிலையத்துக்கு வந்தார். அறுகுவெளியில் ஒரு வயல் சாய்ந்திருக்கிறதாம். காட்டுக்குப் பின்னால், வீதியால் போகிறவர்களுக்குத் தெரியாத வயல். மாடு தேடிப் போன ஒருவர் கண்டிருக்கிறார். முழுக்க விளைந்து அரிவி வெட்டுக்குக் காத்திருக்கிறதாம்.

"நானும் வாறன்" என்றார் பிலோமினா. "உங்களைக் கண்டால் கதைக்காயினம்."

மூன்று பேரும் நிலையத்தின் அதே வெள்ளை வாகனத்தில் போனோம். வேறு வாகனம் எங்களிடம் இல்லை. ஊர் எல்லைக்கு வந்ததும் அக்கா ஒலிபெருக்கியை எடுத்து, எரிக்க வரவில்லை, பயப்படவேண்டாம், நெல்லைக் காப்பாற்றத்தான் வருகிறோம் என்று சொல்லத் தொடங்கினார். காடு அடர்ந்த இடம். சொற்கள் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. வெள்ளை வாகனமும் ஒலிபெருக்கிச் சத்தமும் போதுமாயிருந்தன.

காட்டைத் தாண்டியதும் புகையைக் கண்டோம்.

வயலின் நாலு பக்கமும் தீ. காய்ந்து விளைந்த நெல், மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெறுங்கையோடு வரம்பில் நின்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அந்த ஆளின் பெயர் கனகலிங்கம் என்று பிறகு தெரிந்தது.

"இஞ்ச ஒண்டுமில்லை" என்று கத்தினார். "எங்களிட்ட ஒண்டுமில்லை! எழுதிக்கொண்டு போங்கோ. அரிசியை நிப்பாட்டிப் போடாதேங்கோ, பிள்ளையள் இருக்கு!"

கௌசலா அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் தீக்குள் ஓடினார். நான் அவரை எட்டிப் பிடிக்கும்போது சேலைத் தலைப்பில் பற்றியிருந்தது. பிலோமினா ஒரு சாக்கை வாய்க்காலில் நனைத்து நெருப்பை அடித்தார். கனகலிங்கம் ஒரு கணம் விளங்காமல் நின்றார். பிறகு அவருக்கு விளங்கியது. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அவர் வாய்விட்டு அலறிக்கொண்டு, தான் மூட்டிய தீயைத் தானே கையால் அடிக்கத் தொடங்கினார்.

அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் கருகாமல் மிஞ்சியது. அதுவும் சூட்டில் வெந்த நெல். இருந்ததைப் பொறுக்கினோம். இரண்டு கையும் கொள்ளுமளவு.

"எரிக்க வரேல்லை எண்டு சொன்னன்" என்றார் கௌசலா அக்கா. கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. "அவ்வளவு சத்தமாச் சொன்னன்."

"போன முறையும் நல்லதுக்கெண்டுதானே சொன்னனீங்கள்" என்றார் கனகலிங்கம். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அது இன்னும் கொடுமையாயிருந்தது.

நெல்லை ஈரத்துணியில் கட்டி வைத்தோம். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் ஏழு முளை வந்தது. ஒன்பதாம் நாள்வரை பார்த்தோம். ஏழுக்கு மேல் வரவில்லை.

பிலோமினா அவற்றைப் பார்க்க வந்தார். ஒரு தட்டில் ஈர மண்ணில் வைத்திருந்தோம்.

"இதில இருந்து ஓர் ஊருக்கு விதை வர எவ்வளவு காலம்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒவ்வொண்டாப் பிரிச்சு நட்டு, ஒண்டும் பிழைக்காட்டி, மூண்டு போகம். மாவட்டத்துக்கெண்டால் அஞ்சு ஆறு."

"அதுவரைக்கும் என்னத்தைத் தின்னுறது?"

நிவாரண அரிசி சித்திரையோடு முடிகிறது என்று முதல் நாள்தான் கடிதம் வந்திருந்தது. ஒன்பது நிறுவனங்களில் ஐந்து ஏற்கெனவே புறப்பட்டுவிட்டன. தரநிர்ணயத்திலிருந்த அந்தப் பிரிவை நீக்கக் கேட்டு அக்கா எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருந்தது. நோய் திரும்பப் பரவியிருப்பதால் அந்தப் பிரிவை இன்னும் கடுமையாக்கவேண்டும் என்று நிறுவனங்களின் குழு தீர்மானித்திருக்கிறதாம்.

கௌசலா அக்கா தட்டை எடுத்துப் பிலோமினாவின் கையில் கொடுத்தார்.

"இஞ்ச இருந்தால் எரிச்சுப் போடுவினம். நீங்கள் கொண்டுபோங்கோ. எந்த வயலெண்டு அடையாளம் மட்டும் சொல்லுங்கோ, நான் வந்து..."

"வேண்டாம் பிள்ளை" என்றார் பிலோமினா. முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். "எந்த ஊரெண்டும் கேக்காதேங்கோ. நீங்களாச் சொல்லமாட்டியள். ஆனால் ஒரு நாளைக்கு உங்களைக் கேப்பினம். தெரியாட்டி நீங்கள் பொய் சொல்லவேண்டி வராது."

தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் பக்கம் வந்திடாதேங்கோ, என்ன? வாகனத்தைக் கண்டால் சனம் பயப்பிடும்."

கௌசலா அக்கா தலையாட்டினார். பிலோமினா நடந்து போய் வீதி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்கு வந்து, அறுகுவெளிக் கோப்பைத் திறந்து, கட்டுப்போட்ட கையால் ஒரு வரி எழுதினார்: விதை எதுவும் கிடைக்கவில்லை.

தேதியிட்டுக் கையெழுத்தும் வைத்தார். அந்த இரண்டு வருடத்தில் அவர் எழுதிய ஒரேயொரு பொய் அது.